கம்பெனிக் கார்: மலிவான பெயர் மதிப்புக் குறைவா?

உத்தியோகத்தின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு டெல்லி, மும்பை, புனே, ஐதராபாத், கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் குடும்பங்களில் இந்நாளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. பதவி உயர்வு வருகிறது. அதனோடு கம்பெனிக் காருக்கும் உரிமை வருகிறது. அலுவலகத்தார் ஒரு பட்டியலைக் கொடுத்து, இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்கின்றனர். பட்டியலின் அடியில் மலிவு விலைக்குப் பேர்போன கம்பெனியின் வண்டி இருக்கிறது. மேலே, அண்டை வீட்டார் நின்று பார்க்கும் வண்டிகள் இருக்கின்றன. எதை எடுப்பது?

வீட்டில் இதுபற்றி நடைபெறும் விவாதம் பெரும்பாலும் கௌரவத்தில் தொடங்கிக் கௌரவத்திலேயே முடிந்துவிடுகிறது. வண்டியோ நான்கைந்து ஆண்டுகள் நம்முடன் இருக்கப் போவது. அதில் நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளும், விடுமுறையில் ஊர் செல்லும் பெற்றோரும் ஏறப்போகிறார்கள். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கையும் அது உண்ணப் போகிறது. ஆகவே இதைச் சற்று நிதானமாக ஆராய்வது நலம். வெறும் பொதுப் பேச்சாகப் போய்விடாதிருக்க, எல்லாரும் அறிந்த ஒரு பெயரையே எடுத்துக்கொள்வோம். மலிவு என்றதும் இந்நாட்டில் நினைவுக்கு வருவது மாருதி சுசூகி. அக்கம்பெனியின் வண்டிகளுள் அலுவலகப் பட்டியல்களில் பெரிதும் இடம்பெறுவது டிசையர்.

மலிவு என்னும் முத்திரை வந்த வகை

ஒரு காலத்தில் அதிகாரியின் கார் என்றால் அம்பாசிடர்தான். வங்காளத்து உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதியில் உருவாகத் தொடங்கிய அந்த வண்டி 2014 வரை உற்பத்தியில் இருந்தது. பம்பாயில் ஃபியட்டும், நம் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதற்கு அடுத்த நிலையில் இருந்தன. தேர்ந்தெடுப்பதற்கு அன்று அதிகம் இல்லை. பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பதே பெரும்பாடு.

1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800-இன் முதற் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். 796 சி.சி. எஞ்சின் கொண்ட அச்சிறு வண்டி, கார் என்பது கனவாகவே இருந்த நடுத்தரக் குடும்பங்களின் வாயிலில் வந்து நின்றது. அந்தப் புகழே பின்னர் அக்கம்பெனிக்கு ஒரு முத்திரையாகவும் அமைந்துவிட்டது. வீட்டுக்கு ஏற்ற வண்டி, ஆனால் அதிகாரிக்கு ஏற்றதன்று என்று பலர் எண்ணினர். 1990-இல் மாருதி 1000, 1994-இல் எஸ்டீம் என்று பின்புறப் பெட்டியுடைய வண்டிகளைக் கொண்டுவந்து அம்முத்திரையை மாற்ற அக்கம்பெனி முயன்றது. 2008-இல் டிசையர் வந்தது.

டிசையரின் வரலாற்றில் சுவையான செய்தி ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில், 4 மீட்டர் நீளத்திற்கு மிகாமலும், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்கு மிகாமலும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. முதல் டிசையர் 4 மீட்டரைத் தாண்டியிருந்தது. எனவே 2012-இல் அதன் வாலைக் குறுக்கி 3,995 மில்லிமீட்டரில் நிறுத்தினர். சாமான் பெட்டியின் கொள்ளளவு 440 லிட்டரிலிருந்து 316 லிட்டராகச் சுருங்கியது. 2024 நவம்பரில் வந்த நான்காம் தலைமுறை வண்டியில் அது 382 லிட்டர். மலிவு என்பது தானாக வருவதன்று. எங்கேயோ ஒன்றைக் குறைத்துத்தான் அது வருகிறது. எதைக் குறைத்தார்கள் என்று பார்ப்பதே வாங்குவோன் வேலை.

கார் தானமன்று

கம்பெனிக் காரைப் பலரும் இலவசம் என்றே எண்ணுகின்றனர். அது இரு வகைப்படும். கம்பெனியே வண்டியை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, எல்லாச் செலவையும் ஏற்று, பதவியின் பொருட்டு அளிப்பது ஒரு வகை. ஊழியரின் மொத்த ஊதியத்திலிருந்தே மாத வாடகையைக் கழித்துக்கொண்டு வண்டியை அளிப்பது மற்றொரு வகை. இதனையே லீஸ் என்கின்றனர். முதல் வகையில் மலிவு வண்டியை எடுப்பதால் மிஞ்சும் பணம் கம்பெனிக்கே. இரண்டாம் வகையில் மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயும் நம் வீட்டுக்கு வருகிறது. நம் அலுவலகத்தில் எவ்வகை என்பதை முதலில் தெளிந்துகொள்ளாமல் பட்டியலைப் புரட்டுவது, ஆழம் தெரியாமல் காலை விடுவது போலாகும்.

இனி வருமான வரி. அலுவலக வேலைக்கும் சொந்த வேலைக்கும் சேர்த்துப் பயன்படும் கம்பெனிக் காருக்கு ஒரு தொகையைச் சம்பளத்தோடு கூட்டி வரி விதிக்கின்றனர். 1962-ஆம் ஆண்டின் வருமான வரி விதிகளில், கம்பெனியே செலவை ஏற்கும்போது, எஞ்சின் 1.6 லிட்டருக்கு மிகாவிட்டால் மாதம் 1,800 ரூபாய், மிகுந்தால் 2,400 ரூபாய், ஓட்டுநரும் உண்டெனில் மேலும் 900 ரூபாய் என்று நெடுங்காலம் வைத்திருந்தனர். 2025-இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்குரியது. ஆதலால் அந்தந்த ஆண்டுக்குரிய தொகையை அலுவலகக் கணக்கரிடம் கேட்டே எழுதிக்கொள்ள வேண்டும்.

இங்கே கருதவேண்டியது தொகையன்று, அந்தக் கோடு. வண்டியின் விலையைப் பாராமல் எஞ்சினின் அளவை மட்டும் பார்த்தே கோடு கிழித்திருந்தனர். டிசையரின் எஞ்சின் 1,197 சி.சி. அதைப்போல் இரு மடங்கு விலையுள்ள வண்டிகள் பலவற்றின் எஞ்சின்களும் 1.6 லிட்டருக்கு உட்பட்டவையே. எனவே இந்த வரி மலிவு வண்டிக்குத் தனிச் சலுகை எதையும் காட்டவில்லை. இதைக் கண்டுதான் சில அன்பர்கள், வரி ஒன்றேயானால் பெரிய வண்டியையே எடுக்கலாமே, லீஸ் தொகை கூடக் கூட வரியும் மிச்சந்தானே என்று வாதிக்கின்றனர். கேட்பதற்கு இனிமையான வாதம். கணக்கிட்டுப் பார்த்தால் தேறாது.

ஓர் எடுத்துக்காட்டு. மலிவு வண்டியின் மாத லீஸ் 20,000 ரூபாய் என்றும், உயர்ந்த வண்டிக்கு 35,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வேறுபாடு 15,000 ரூபாய். நூற்றுக்கு 30 வரி செலுத்துவோர், அதன்மேல் நூற்றுக்கு 4 கூடுதல் தீர்வையும் சேர்த்தால், இத்தொகையில் 4,680 ரூபாய் வரியாகப் போவதைத் தவிர்க்கலாம். எஞ்சிய 10,320 ரூபாய்? அது வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய பணம். நான்கு ஆண்டுகளில் அது 4,95,360 ரூபாயாகிறது. மகளின் கல்லூரிப் படிப்புக்கோ, ஊரிலுள்ள வீட்டைப் பழுது பார்ப்பதற்கோ ஆகக்கூடிய தொகை. ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் பதினைந்து ரூபாய் செலவிடுவதைச் சிக்கனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நாள்தோறும் ஆகும் செலவு

ஆனை வாங்கியவன் அங்குசத்திற்கு அழுதானாம். வண்டியிலும் அப்படியே, வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை. 2024-இல் வந்த டிசையர் பெட்ரோல் லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர் ஓடும் என்பது சோதனைக்கூடத்தில் அளந்த கணக்கு. நகரத்து நெரிசலில் அவ்வளவு கிடைக்காது என்பதை ஓட்டுவோர் அறிவர். ஒரு சிறு வண்டி நடைமுறையில் 18 கிலோமீட்டரும், ஒரு பெரிய வண்டி 12 கிலோமீட்டரும் தருவதாகக் கொள்வோம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் முன்னதற்கு 83 லிட்டரும் பின்னதற்கு 125 லிட்டரும் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 4,200 ரூபாய் வேறுபாடு. பெட்ரோல் செலவைக் கம்பெனி ஒரு வரம்பு வரையே தருமானால், வரம்பைத் தாண்டிய பணம் நம் பையிலிருந்தே போகும்.

கம்பெனியின் பக்கத்திலிருந்தும் பார்ப்பது நியாயம். 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 18 ஆயிற்று. பெரிய கார்களுக்கு 40. பொதுவாக வாங்கும் பொருளுக்குச் செலுத்திய ஜி.எஸ்.டி.யைக் கம்பெனிகள் தம் வரியில் ஈடு செய்துகொள்வதுண்டு. ஊழியருக்கென வாங்கும் காருக்கு அவ்வுரிமை இல்லை. ஆகையால் வரி முழுதும் கம்பெனியின் செலவே. பட்டியலில் சிறு வண்டிகள் நிறைந்திருப்பது கருமித்தனத்தினால் மட்டுமன்று.

உயிரின் கணக்கு

இதுகாறும் பணத்தைப் பேசினோம். பணத்தில் மலிவு வண்டி வெல்வதில் வியப்பில்லை. அதனினும் பெரிய கேள்வி, விபத்தென்று ஒன்று நேர்ந்தால் இவ்வண்டி நம்மவரைக் காக்குமா என்பது.

இவ்விஷயத்தில் பழைய வரலாறு மகிழ்ச்சி தருவதாக இல்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு, இந்தியாவில் விற்ற சிறு கார்கள் ஐந்தை மோதவிட்டுச் சோதித்தது. மாருதி ஆல்டோ 800 உட்பட ஐந்தும், பெரியோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. 2020-இல் எஸ்-பிரஸ்ஸோவுக்கும் அதே நிலை. 2022-இல் ஸ்விஃப்ட் ஒரு நட்சத்திரமே பெற்றது. 2023-இல் வேகன்-ஆர் ஒன்று, ஆல்டோ கே10 இரண்டு. எஃகிலும் ஏர்பேக்கிலும் குறைத்து விலையைக் குறைத்தால், அந்த மிச்சத்தை யார் எப்போது செலுத்துவார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அதே கம்பெனியின் புதிய டிசையர் 2024 நவம்பரில் அதே அமைப்பின் சோதனையில் பெரியோர் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரமும், குழந்தைகள் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரமும் பெற்றது. மாருதி வண்டி ஒன்று ஐந்து பெற்றது அதுவே முதல் முறை. விலை குறைந்த வகையிலிருந்து எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக்குகள் வைத்திருந்தனர்.

பெயர் ஒன்று, காலமும் ஏறக்குறைய ஒன்று, முடிவுகளோ ஒன்று முதல் ஐந்து வரை. ஆகவே இக்கம்பெனி நல்லதா, கெட்டதா என்று கேட்பதே பொருந்தாத கேள்வி. இந்த வண்டி, இந்த ஆண்டு வந்த வடிவம், எத்தனை நட்சத்திரம் பெற்றது என்றே கேட்க வேண்டும். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் நம் நாட்டுச் சோதனைத் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் உள்ள வண்டிக்கு இவ்விரண்டில் ஒன்றின் மதிப்பீடாவது உண்டா என்று அலுவலகத்தில் கேட்பதற்குத் தயங்கலாகாது.

விலை உயர்ந்த வண்டியே காவல் என்று எண்ணுவோரும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்துப் பால்கர் மாவட்டத்தில் நேர்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். அவர் சென்றது மிக உயர்ந்த விலையுள்ள வண்டி. பின்னிருக்கையில் இருந்தோர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீசார் தெரிவித்தனர். எந்த வண்டியாயினும் பின்னிருக்கையில் அமரும் தாத்தாவும் பாட்டியும் குழந்தைகளும் பெல்ட் அணிந்தால்தான் நட்சத்திரங்களுக்குப் பொருளுண்டு.

குடும்பத்தின் பயன்

கோடை விடுமுறையில் வடக்கிலிருந்து காரிலேயே ஊர் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஐதராபாத், பெங்களூர், சேலம் வழியாகக் கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரண்டு மூன்று நாட்கள் பயணம். வழியில் பழுது ஏற்பட்டால், சிறிய ஊரிலும் பழுது பார்க்கும் நிலையமும் உதிரிப் பாகமும் கிடைப்பது மாருதி வண்டிக்கு உள்ள பெரிய பலம். எடுப்பான வண்டி பல நாள் பட்டறையில் படுத்துக்கிடந்தால் அதனால் யாருக்குப் பயன்?

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டிசையரின் எஞ்சின் மூன்று சிலிண்டர் கொண்டது. ஐந்து பேரும் சாமானும் ஏறி மலைப்பாதையில் செல்லும்போது மூச்சு வாங்கும். பின்னிருக்கையில் மூவர் நெடுந்தூரம் செல்வது நெருக்கந்தான். 2020 ஏப்ரல் முதல் மாருதி டீசல் வண்டிகளை விட்டுவிட்டது. மாதம் பல்லாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் சுற்றும் விற்பனை அதிகாரிகளுக்கு இது ஒரு குறையே. சி.என்.ஜி. வகை கிலோவுக்கு 33.73 கிலோமீட்டர் ஓடும் என்பது கம்பெனியின் கணக்கு. டெல்லியிலும் மும்பையிலும் நாள்தோறும் அலுவலகம் சென்று திரும்புவோருக்கு அது மிகச் சிக்கனம். ஆனால் எரிவாயு உருளை சாமான் பெட்டியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். ஊரிலிருந்து அரிசி மூட்டையும் வற்றலும் ஊறுகாய் ஜாடியும் கொண்டுவரும் குடும்பத்திற்கு அது சரிப்படாது.

மாற்றல் உத்தரவு வந்தால்

புலம்பெயர்ந்து வாழ்வோர்க்கே உரிய இக்கட்டு ஒன்றுண்டு. வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டு சென்று 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். சாலை வரியும் மீண்டும் செலுத்த நேரும். 2021-இல் வந்த பி.எச். வரிசைப் பதிவு இத்தொல்லையைத் தீர்க்கிறது. அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் அதைப் பெறலாம். வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகச் செலுத்தலாம். ஆனால் அது ஊழியர் தம் பெயரில் வாங்கும் சொந்த வண்டிக்கே உரியது. மூன்றாண்டுக்கொரு முறை மாற்றலாகும் வேலையில் இருப்போர், கம்பெனிக் காரை ஏற்பதா, சொந்தமாகவே ஒரு மலிவு வண்டி வாங்கிப் பி.எச். எண் பெறுவதா என்று சீர்தூக்க வேண்டும்.

லீஸ் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டு விடை பெறுக. இடையில் வேலையை விட்டால் வண்டியை என்ன செய்வது, எவ்வளவு கட்டவேண்டும்? வண்டி கம்பெனியின் பெயரில் இருப்பதால், ஓட்டுபவருக்கும் உடன் செல்வோருக்கும் விபத்து இன்ஷூரன்ஸ் உண்டா? முடிவில் வண்டியை நாமே வாங்கலாமா, என்ன விலைக்கு?

மூன்றாவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1962-ஆம் ஆண்டு விதிகளின்படி, கம்பெனி தன் காரை ஊழியருக்கு விற்றால், ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் நூற்றுக்கு 20 வீதம் எஞ்சிய மதிப்பில் குறைத்து அதன் விலையைக் கணக்கிடுவர். 8 லட்ச ரூபாய் வண்டி நான்காண்டு முடிவில் 3,27,680 ரூபாய் மதிப்புடையதாகும். அதை ஒரு லட்சத்துக்கு நமக்குக் கொடுத்தால், எஞ்சிய 2,27,680 ரூபாயும் சம்பளமாகக் கருதப்பட்டு வரிக்குள்ளாகும். மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்த பின்னர் இதை அறிவதைவிட முன்னரே அறிவது நன்று.

கௌரவம்

டிசையரா, அது வாடகைக் கார் ஆயிற்றே என்பது பலர் சொல்லும் தடை. உண்மைதான், ஊரெங்கும் அது வாடகைக்கு ஓடுகிறது. ஆனால் வாடகைக்கு விடுவோர் யார்? ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிப் பிழைப்பவர்கள். நாளெல்லாம் ஓடியும் தாங்கும், செலவு குறையும், விற்றாலும் விலை போகும் என்று கண்டுதானே அவர்கள் அதை வாங்குகின்றனர்? அந்த வண்டிக்கு இதைவிடச் சிறந்த நற்சாட்சிப் பத்திரம் வேறென்ன வேண்டும்!

எனினும் கௌரவத்தை முற்றிலும் தள்ளிவிடவும் இயலாது. வெளிநாட்டு வாடிக்கையாளரை விமான நிலையத்தில் எதிர்கொண்டு நாள்முழுதும் அழைத்துச் செல்வதே தொழிலானவருக்கு, இடமும் வசதியுமுள்ள வண்டி ஆடம்பரமன்று, கருவி. அவர் அதைக் கேட்டுப் பெறுவதில் தவறில்லை. அதுவே பதவியின் பொருட்டுக் கம்பெனி தன் செலவில் தருவதாயின் தயக்கமே வேண்டாம். நம் சம்பளத்தைக் கழித்துப் பிறர் கண்ணுக்கு விருந்து வைப்பதுதான் தவிர்க்க வேண்டியது.

முடிவாக, மலிவுப் பெயர் பெற்ற வண்டி நல்ல கம்பெனிக் காராகுமா என்ற கேள்விக்கு நம் விடை இது: மோதல் சோதனையில் தேறிய வண்டியானால், ஆகும், தேறாவிட்டால் இனாமாகக் கொடுத்தாலும் ஆகாது. நட்சத்திரத்தை முதலில் பாருங்கள். அடுத்து அது யார் பணம் என்று பாருங்கள். பிறகு குடும்பத்தின் தேவையையும் மாற்றலின் சாத்தியத்தையும் பாருங்கள். பெயர்ப் பலகையை எல்லாவற்றுக்கும் கடைசியில் பார்த்தால் போதும். விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது இன்றைய லீஸ் பத்திரத்துக்கும் பொருந்தும். தொலைவில் வந்து உழைத்துச் சேர்க்கும் பணம் வண்டிச் சக்கரத்தில் அரைபட்டுப் போகாமல், ஏறியவர் எல்லாரும் நலமாக வீடு திரும்பினால், அதைவிடக் கௌரவமான கார் வேறில்லை.